பராமரிப்போரின் மனச்சோர்வு: நோயின் வேர் வேலையில் இருக்கிறது

(சுகாதாரத் துறை ஊழியர்களும் திட்டப் பணியாளர்களும் பங்கேற்ற பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவமனையில் பிள்ளை பெற்று வீடு திரும்பும் தாயையும் சிசுவையும் ஆஷா பணியாளர் ஆறு முறை வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும். பிறந்த 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் அவர் செல்ல வேண்டும். குழந்தையின் எடையையும் உடல் வெப்பத்தையும் பார்ப்பது, தாய்ப்பால் புகட்டுவதில் சிக்கல் இருந்தால் தீர்த்து வைப்பது, அபாய அறிகுறி தென்பட்டால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது ஆகிய அனைத்தும் அவருடைய கடமை. இத்தனைக்கும் சேர்த்து 2011ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் வகுத்த ஊக்கத்தொகை 250 ரூபாய். அதுவும் 45ஆம் நாளில்தான் வழங்கப்படும். அதற்கு நிபந்தனைகள் உண்டு. பிறப்பு எடை அட்டையில் ஏறியிருக்க வேண்டும். பிறப்பு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தடுப்பூசிகள் போடப்பட்டிருக்க வேண்டும். 42ஆம் நாள் வரை தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையைச் சற்று நின்று படிக்க வேண்டும். ஐந்து முறை நடந்து சென்று, அந்தச் சிசுவைக் கையில் ஏந்தி எடை பார்த்த ஒரு பெண், ஆறாவது முறை இழவு வீட்டுக்குச் செல்ல நேர்கிறது என வைத்துக்கொள்வோம். அவர் இரண்டு சுமைகளோடு திரும்புகிறார். ஒன்று, அந்தக் குழந்தைக்கான துக்கம். மற்றொன்று, இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ என்ற குற்றவுணர்வு. இவ்விரண்டின் மேலும் அரசு மூன்றாவதாக ஒன்றை ஏற்றி வைக்கிறது: செய்த வேலைக்குக் கூலி இல்லை. மரணத்தைப் பணியாளரின் கணக்கில் எழுதும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. ‘விளைவுக்கு ஏற்ற ஊக்கத்தொகை’ என்ற நிர்வாகச் சூத்திரத்தை அவர்கள் மனித உயிரின் மீது பொருத்தினார்கள், அவ்வளவே.

பிறரைப் பராமரிக்கும் தொழில்களில் இருப்போர் ஏன் மனம் எரிந்து தீர்ந்துபோகிறார்கள், அந்த எரிதல் எப்போது நோயாக மாறுகிறது, அந்த நோய்க்கு யார் பொறுப்பு என்பதே இன்றைய பொருள். செவிலியர், பயிற்சி மருத்துவர், ஆஷா, அங்கன்வாடி ஊழியர் ஆகிய நால்வரையும் முன்னிறுத்தி இது பேசப்படுகிறது. வார்டு உதவியாளர், ஆயா, மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர் ஆகியோரும் இதே சுமையைச் சுமப்பவர்களே. ஆய்வாளர்கள் வினாத்தாளோடு அவர்களிடம் செல்வது அரிது என்பதால் அவர்களைப் பற்றிய எண்கள் குறைவு. எண்கள் குறைவு என்பதால் துன்பம் குறைவு என்று பொருளல்ல.

சொற்களில் உள்ள குழப்பம்

தமிழ் நாளிதழ்களில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் வழங்குகிறது. தேர்வு நெருங்கும் மாணவருக்கு இருப்பதும் மன அழுத்தம். வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழ மனமின்றிக் கிடப்பவருக்கு இருப்பதும் மன அழுத்தம். இது வெறும் மொழிச் சிக்கல் அன்று. வேலை தரும் நெருக்கடி, அந்த நெருக்கடி நீடித்ததால் வரும் பணிச்சோர்வு, மனச்சோர்வு என்னும் நோய் ஆகிய மூன்றையும் பிரித்தறிந்தால்தான், ஒன்று மற்றொன்றாக எப்படி வளர்கிறது என்பதைப் பார்க்க முடியும்.

‘பர்ன் அவுட்’ என்ற சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி அமெரிக்கா வந்த யூதர். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில், பகல் வேலையை முடித்துக்கொண்டு, இரவில் தொண்டாற்றினார். அங்கே வந்த நோயாளிகளில் போதைப் பழக்கத்துக்கு ஆளானோர் பலர். அவர்களுக்காகத் தங்களை முழுமையாக ஈந்த இளம் ஊழியர்கள் ஓராண்டுக்குள் வெறுமையாகி, எரிச்சலுற்று, தாங்கள் யாருக்காக வந்தார்களோ அவர்களையே வெறுக்கத் தொடங்குவதை அவர் கண்டார். 1974இல் வெளியான அவருடைய கட்டுரை இந்நிலைக்குப் பெயரிட்டது. ஆகவே இந்தச் சொல் நிறுவன அதிகாரிகளின் மாளிகையில் பிறக்கவில்லை. ஏழைகளுக்கான மருந்தகத்தில், பராமரிப்போரிடையே பிறந்தது. இன்று கார்ப்பரேட் மேலாண்மை நூல்கள் அதைத் தமதாக்கிக்கொண்டிருப்பது வேறு கதை.

பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் உளவியலாளர் 1981இல் இதை அளக்கும் வினாத்தாளை வகுத்தார். அவர் மூன்று கூறுகளைச் சொன்னார்: உணர்வு வற்றிப்போதல், பராமரிக்கப்படுவோரை மனிதராகக் காண முடியாமல் விலகிப்போதல், தன் வேலையால் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் தனது நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதே மூன்று கூறுகளையும் ஏற்றது. அந்தப் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பணிச்சோர்வு அப்பட்டியலில் நோயாக இடம்பெறவில்லை. ‘தொழில் சார்ந்த நிகழ்வு’ எனத் தனியே வைக்கப்பட்டுள்ளது. முறையாகக் கையாளப்படாத, நீடித்த பணியிட நெருக்கடியின் விளைவு என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். யார் கையாளத் தவறினார்கள் என்பதை அந்த விளக்கம் சொல்லவில்லை.

மனச்சோர்வு அப்படியன்று. அது ஐயத்துக்கிடமற்ற நோய். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், தன்னையே பழித்தல், கவனம் சிதறுதல், சாவைப் பற்றிய நினைவு என அது வெளிப்படும். சிகிச்சையால் குணமாகக் கூடியது. ஆயினும், 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளிட்ட பொதுவான மனநோய்கள் உள்ளோரில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் இந்த நாட்டில் சிகிச்சை பெறவில்லை.

ஒன்றா, இரண்டா?

பணிச்சோர்வும் மனச்சோர்வும் ஒன்றா, வெவ்வேறா என்பதில் அறிவியலாளர்களிடையே பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. மாஸ்லாக்கும் அவரைப் பின்பற்றுவோரும் இரண்டும் வேறு என்கிறார்கள்: பணிச்சோர்வு வேலையோடு கட்டுண்டது, மனச்சோர்வு வாழ்வின் எல்லா மூலைகளிலும் பரவுவது. இதற்கு மாறாக, ரென்சோ பியாங்கி, இர்வின் ஷோன்ஃபெல்ட் ஆகியோர், பணிச்சோர்வின் மையக் கூறான உணர்வு வற்றிப்போதல், அதன் மற்ற இரு கூறுகளோடு ஒத்துப்போவதைவிட மனச்சோர்வின் அறிகுறிகளோடு அதிகம் ஒத்துப்போகிறது எனக் காட்டினார்கள். பணிச்சோர்வு என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் வேலையால் விளைந்த மனச்சோர்வே என்பது அவர்களின் வாதம். 2020இல் அவர்கள் வகுத்த புதிய அளவுகோலுக்கே ‘தொழில்வழி மனச்சோர்வு’ என்றுதான் பெயரிட்டார்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவே பின்லாந்து நாட்டின் ஆய்வொன்று உதவுகிறது. ஈராயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்களை மூன்றாண்டு இடைவெளியில் இருமுறை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு அது. வேலையின் நெருக்கடி முதலில் பணிச்சோர்வாகவும், அதன் வழியே மனச்சோர்வாகவும் வளர்வதை அது கண்டது. எதிர்த்திசையிலும் பாதை இருந்தது: மனச்சோர்வு உள்ளவர் வேலையில் விரைவாகச் சோர்ந்தார். ஆக, இரண்டும் ஒன்றை ஒன்று ஊட்டி வளர்ப்பவை. ஆனால் வேலையில் தொடங்கி நோயில் முடியும் பாதை மெய்யானது.

இந்த விவாதம் ஆய்விதழ்களோடு நின்றுவிடக் கூடியதன்று. எந்தப் பெயர் சூட்டப்படுகிறதோ, அதற்கேற்பச் செலவு யார் தலையில் விழுகிறது என்பது மாறுகிறது. ‘இது பணிச்சோர்வுதான், நோயல்ல’ என்றால், மருத்துவ விடுப்பு இல்லை, இழப்பீடு இல்லை. நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திரும்பி வரலாம். ‘இது மனச்சோர்வு நோய்’ என்றால், அது அந்த ஊழியரின் மூளையில், குடும்பத்தில், இயல்பில் உள்ள குறை, நிர்வாகத்துக்குப் பொறுப்பில்லை. முதல் பெயர் நோயை மறைக்கிறது, இரண்டாம் பெயர் வேலையை மறைக்கிறது. முதலாளிக்கு இரண்டு பெயர்களும் வசதியே. இது நோய், இந்த நோயை உண்டாக்கியது வேலை என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் அவருக்கு வசதிப்படாது.

இது புதிய தந்திரமும் அல்ல. ‘மூலதனம்’ முதல் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையல் தொழிலாளியின் மரணத்தை மார்க்ஸ் பதிவு செய்கிறார். 1863 ஜூன் மாதம் லண்டனில், அரச விருந்துக்கான ஆடைகளைத் தைக்க, காற்றோட்டமற்ற அறையில் மற்றப் பெண்களோடு அவர் இடைவெளியின்றி இருபத்தாறரை மணி நேரம் வேலை செய்தார், நோயுற்று இறந்தார். நீண்ட வேலை நேரமும் நெரிசலான அறையுமே காரணம் என்று மருத்துவர் சாட்சியளித்தார். விசாரணைக் குழுவோ, இறப்புக்குக் காரணம் மூளை ரத்தக்கசிவு, மிகை உழைப்பு அதை விரைவுபடுத்தியிருக்கலாம் என்று அஞ்ச இடமுண்டு என எழுதி முடித்தது. நோய் முதல் வரியில்; வேலை அடிக்குறிப்பில். இருபத்தாறரை மணி நேரம் என்ற அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, இந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளைப் பார்க்கலாம்.

48 மணி நேரமும் 74 மணி நேரமும்

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பாலியல் வன்கொலைக்கு ஆளான பயிற்சி மருத்துவர், 36 மணி நேரத் தொடர் பணியின் இடையே, ஓய்வறை இல்லாத நிலையில், கருத்தரங்கக் கூடத்தில் கண்ணயரச் சென்றவர். அந்த வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம் 36 மணி நேரப் பணிமுறை மனிதத்தன்மையற்றது என்றது. நீதிமன்றத்துக்கு அது அதிர்ச்சி தந்தது நல்லதே. ஆனால் பயிற்சி மருத்துவர்களின் பணி பொதுவாகத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மிகக் கூடாது என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் மாதமே ஆணை பிறப்பித்திருந்தது. 32 ஆண்டுகள் அந்த ஆணை காகிதத்தில் உறங்கியது.

அதே 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றிய அறிக்கையை அளித்தது. அதன் இணையவழி ஆய்வில் பங்கேற்ற முதுநிலை மாணவர்களில் 45 சதவீதத்தினர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகவும், பாதிக்கும் மேற்பட்டோர் வார விடுமுறை கிடைப்பதில்லை என்றும் தெரிவித்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முந்தைய ஓராண்டுக்குள் தற்கொலை எண்ணம் தோன்றியதாகச் சொன்னார். இந்த நிலையைப் பதிவு செய்ததற்காக அறிக்கையைப் பாராட்ட வேண்டும். ஆனால் அது தந்த தீர்வு என்ன? வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகாமல் வேலை. 1992இல் 48, 2024இல் 74. நோய்க்கு மருந்தாக நோயின் காரணத்தையே சற்றுக் குறைந்த அளவில் பரிந்துரைத்திருக்கிறார்கள். காலியிடங்களை நிரப்ப ஆள் எடுக்கும் செலவை அரசு ஏற்காத வரை, வேறு எந்த எண்ணையும் எழுத அக்குழுவுக்கு வழி இருந்திருக்காது.

அன்பு என்னும் ஊதியமற்ற மூலப்பொருள்

எல்லா வேலையும் களைப்பு தரும். சுரங்கத் தொழிலாளியின் உடல் தேய்கிறது. அவருக்கும் மனச்சோர்வு வரலாம். பராமரிப்புத் தொழிலில் தனித்தன்மை எங்கே இருக்கிறது? இங்கே உணர்வே உழைப்புக் கருவி. வலியில் அலறுபவரிடம் பொறுமை, இறக்கப் போகிறவரிடம் மென்மை, ஆத்திரத்தில் வரும் உறவினரிடம் நிதானம் ஆகிய இவை இல்லாமல் அந்த வேலை நடக்காது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983இல், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, இதை ‘உணர்வு உழைப்பு’ என்றார். அவர்களின் புன்னகை நிறுவனத்தின் சரக்காகிறது. செவிலியரிடம் இது இன்னும் ஆழமானது. அவர் விற்பது புன்னகை மட்டுமன்று, அக்கறை. அக்கறை பொய்யாக இருக்க முடியாது. மெய்யான அக்கறையோ, நாற்பது படுக்கைகளுக்கு ஒருவர் என்ற நிலையில் சாத்தியமில்லை. தான் செய்ய வேண்டியது இன்னது என்று தெரிந்தும், அதைச் செய்ய முடியாத நிலையில் நாள்தோறும் நிறுத்தப்படுவதுதான் இந்தத் தொழிலின் எரிபொருள்.

1950களின் இறுதியில் லண்டன் போதனா மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர், மருத்துவமனை இந்த வேதனையை எப்படிச் சமாளித்தது என்று கண்டார். வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. எந்தச் செவிலியரும் எந்த நோயாளியோடும் நெடுநேரம் இராதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது. நோயாளியின் பெயர் போய்ப் படுக்கை எண்ணும் நோயுற்ற உறுப்பும் வந்தன. ‘பத்தாம் படுக்கைக் கல்லீரல்’ என்பது போன்ற பேச்சு இந்நாட்டு வார்டுகளிலும் கேட்பதுதான். இரக்கமின்மையாகத் தோன்றும் இது உண்மையில் தற்காப்பு. ஆனால் அந்தத் தற்காப்பும் உதவவில்லை. அங்கே பயிற்சியில் சேர்ந்த மாணவியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பாதியில் வெளியேறினார். அக்கறை மிகுந்தவர்களே முதலில் வெளியேறும் அமைப்பு அது.

இந்த அக்கறைக்கு இந்நாட்டில் சூட்டப்படும் பெயர் ‘சேவை’. பெண்ணின் இயல்பே பராமரித்தல் என்று ஆணாதிக்கம் சொல்லி வைத்திருப்பதால், அதற்கு ஊதியம் கேட்பதே இழுக்கு என்றாகிறது. வார்டில் ‘சிஸ்டர்’ என்று அழைக்கப்படுபவர் மாதக் கடைசியில் சகோதரியாக அல்லாமல் தொழிலாளியாக நின்று சம்பளம் கேட்டால், சூழல் சட்டென்று இறுகுகிறது. ஆஷா என்றால் இந்தியில் நம்பிக்கை என்று பொருள். 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு உருவாக்கப்பட்டு, இன்று ஏறத்தாழ 10 லட்சம் பெண்கள் பணியாற்றும் அந்தப் படைக்கு அரசு ஆவணங்கள் தந்த தகுதி ‘தன்னார்வலர்’. கொரோனா காலத்தில் 2020 மே 3 அன்று ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மேல் மலர் தூவின. வீடு வீடாகச் சென்று தொற்று கண்டறிந்த ஆஷாக்களுக்கு ஒன்றிய அரசு தந்த கூடுதல் தொகை மாதம் 1,000 ரூபாய். அந்த ஆண்டு ஆகஸ்ட் 7, 8 தேதிகளில் ஆஷா, அங்கன்வாடி, மதிய உணவுப் பணியாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது அளித்தது. விருதை அரசு கொண்டாடியது. தொழிலாளர் என்ற தகுதியை மட்டும் தரவில்லை.

அங்கன்வாடி ஊழியரின் நிலை இன்னொரு வகை. 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் அது. ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 முதல் ஊழியருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மேலே தருவது அந்தந்த மாநிலத்தின் மனம். 2021இல் ‘போஷன் டிராக்கர்’ செயலி வந்தது. பின்னர் வீட்டுக்குத் தரும் சத்துணவுப் பொருளுக்குப் பயனாளியின் முகத்தைப் படம் பிடித்து ஒப்பிட வேண்டும் என்ற விதி வந்தது. இணைப்பு கிடைக்காமலோ முகம் பொருந்தாமலோ போனால், பசித்த தாய் கோபிப்பது செயலியை அல்ல, எதிரே நிற்கும் ஊழியரை. அரசின் குறைக்கு ஊரின் முன் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே பெண் வீடு திரும்பியதும் அடுப்பும் முதியோரும் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். பராமரிப்பு என்னும் வேலையிலிருந்து அவருக்கு ஒரு நாளும் விடுதலை இல்லை.

தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் கதையில் அடிமை முறையின் சாயலே உண்டு. 2011 அக்டோபரில் மும்பையின் தனியார் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய இளம் மலையாளிச் செவிலியர் தற்கொலை செய்துகொண்டார். ஒரு தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது எப்போதும் பிழை. ஆனால் சான்றிதழ்களை நிர்வாகம் பிடித்து வைத்துக்கொண்டு, பாண்டு காட்டி ஊழியரை வெளியேற விடாமல் தடுக்கும் வழக்கம் அந்த மரணத்தை ஒட்டியே நாடறியப் பேசப்பட்டது. மும்பையிலும் டெல்லியிலும் கேரளத்திலும் செவிலியர் வீதிக்கு வந்தனர். அரசுத் துறையிலும் ஒப்பந்த முறை புகுந்தது. தமிழகத்தில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டது பலருக்கும் நினைவிருக்கும். நாளைய வேலைக்கு உறுதியில்லாத ஒருவர், நாளை பிழைப்பாரா என்று தெரியாத நோயாளிக்கு நம்பிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது.

யோகாவும் ஆலோசனையும்

நிர்வாகங்களின் விடை தயாராக இருக்கிறது: யோகா முகாம், தியான வகுப்பு, மனநல ஆலோசகரின் தொலைபேசி எண். 12 மணி நேர இரவுப் பணி முடித்தவரை மேலும் ஒரு மணி நேரம் நிறுத்தி மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவதும் உண்டு. நெருக்கடியைத் தாங்கும் திறனை ஊழியர் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். பாலத்தின் மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிவிட்டு, இரும்பின் மன உறுதியைக் குறை சொல்வது போன்றது இது.

எனினும், இங்கே இடதுசாரி இயக்கத்துக்குள்ளும் ஒரு தவறான போக்கு இருப்பதைச் சொல்லியாக வேண்டும். காரணம் சமூகத்தில் இருப்பதால் தீர்வு போராட்டத்தில் மட்டுமே உண்டு. மருந்து, ஆலோசனை எல்லாம் தனிமனிதவாதம் என்று பேசுவோர் உண்டு. சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளியிடம் எவரும் அப்படிச் சொல்வதில்லை. தூசியைக் கட்டுப்படுத்தப் போராடுவார்கள்; அவரை மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்வார்கள். வேலையால் விளைந்த மனச்சோர்வும் அவ்வாறே. தூக்கமின்றி, உணவின்றி, தன்னை வெறுத்துக் கிடக்கும் தோழருக்குத் தேவை முதலில் சிகிச்சை. மனநலப் பராமரிப்பு பெறுவது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமை. டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். சங்க அலுவலகச் சுவரில் அந்த எண் இருக்க வேண்டும்.

என்ன கேட்பது?

பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐகென் குழுவினர் 2002இல் வெளியிட்ட முடிவு தொழிற்சங்கங்களுக்கு ஆயுதம் போன்றது. ஒரு செவிலியரின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதமும் உயர்கின்றன. செவிலியரின் நலனும் நோயாளியின் உயிரும் எதிரெதிரானவை அல்ல. ஒரே காரணத்தால் இரண்டும் கெடுகின்றன. வேலைநிறுத்தம் செய்யும் செவிலியரைப் பார்த்து ‘நோயாளிகளைக் கைவிட்டீர்களே’ என்பவர்களுக்கு இந்த எண்களே போதும்.

கலிபோர்னியாவில் செவிலியர்-நோயாளி விகிதம் சட்டமானது 1999இல். நடைமுறைக்கு வந்தது 2004இல். அந்த ஆண்டே ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் அதன் ஒரு பகுதியை நிறுத்தி வைக்க முயன்றார். செவிலியர் சங்கம் தெருவிலும் நீதிமன்றத்திலும் எதிர்த்து நின்று சட்டத்தைக் காத்தது. இந்திய நர்சிங் கவுன்சிலும் போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர் என்று நெறி வகுத்திருக்கிறது. அது நெறி, மீறினால் தண்டிக்கும் சட்டம் இல்லை. அதைச் சட்டமாக்குவது முதல் கோரிக்கை.

ஊதியம் அடுத்தது. உச்ச நீதிமன்ற ஆணையின்பேரில் அமைந்த குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியரின் தொடக்க ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் பரிந்துரைத்தது. 2017இல் செவிலியர் நடத்திய பெரும் போராட்டத்தை அடுத்து, கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2018 ஏப்ரலில் அதைக் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையாக வெளியிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் அது பரிந்துரையாகவே கிடக்கிறது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் தர வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒருசேர அமர்ந்த அவை அது. 2015க்குப் பிறகு அம்மாநாட்டையே ஒன்றிய அரசு கூட்டவில்லை. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘தன்னார்வத் தொண்டு’ என்ற திரையில் விழுந்த முதல் பெரிய கிழிசல் அது.

மூன்றாவது கோரிக்கை அதிகம் பேசப்படாதது. தொழில்வழி நோய்களுக்கு இழப்பீடு தரும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஈய நஞ்சையும் பஞ்சுத் தூசி நோயையும் தொற்றுகளையும் பட்டியலிடுகிறது. மனநோய் எதுவும் அதில் இல்லை. அந்தச் சட்டத்தை விழுங்கி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் பட்டியலிலும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமோ 2010இலேயே தன் பட்டியலில் மனநலக் கோளாறுகளைச் சேர்த்துவிட்டது. ஜப்பானில் 1991இல் ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தின் 24 வயது ஊழியர் மிகை உழைப்பால் மனச்சோர்வுற்றுத் தற்கொலை செய்துகொண்டார், பெற்றோர் வழக்காடினர், நிறுவனமே பொறுப்பு என்று 2000இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிகை உழைப்பால் நேரும் மரணத்தைத் தடுக்க 2014இல் அங்கே தனிச் சட்டமே வந்தது. வேலை, நோய், மரணம் என்ற சங்கிலியை நீதிமன்றத்தில் நிறுவ முடியும் என்பதற்கு அது சான்று. இந்தியாவில் அட்டவணையில் மனச்சோர்வைச் சேர்த்தால் மட்டும் போதாது. ஆஷா தொழிலாளியாக ஏற்கப்படாத வரை அந்த அட்டவணை அவரைத் தொடாது. இரண்டு கோரிக்கைகளும் ஒன்றாகவே செல்ல வேண்டும்.

இவை அனைத்துக்கும் பணம் வேண்டும். 2025க்குள் பொது சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. 2021-22இல், கொரோனாவுக்கான செலவையும் சேர்த்தே, அது எட்டிய அளவு 1.84 சதவீதம். அந்த இடைவெளியைத்தான் செவிலியரும் பயிற்சி மருத்துவரும் திட்டப் பணியாளரும் தங்கள் தூக்கத்தாலும் மனநலத்தாலும் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் 8 மணி நேரம் என்று எழுதப்படும் இடத்தில், உண்மையில் எத்தனை மணி நேரம், எத்தனை நோயாளிகள், எத்தனை வீடுகள், இரவு எத்தனை மணிக்குச் செயலியில் பதிவு என்பதை ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் சொந்தக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வைக்கலாம். நாளை ஓர் உறுப்பினருக்காக இழப்பீட்டு ஆணையர் முன் நிற்க நேரும்போது, நிர்வாகத்தின் பதிவேட்டுக்கு எதிராக வைக்க வேறு ஆவணம் எதுவும் இருக்காது. கிளைச் செயலாளர்கள் அடுத்த மாதம் முதல் தேதியிலேயே அந்தக் குறிப்பேட்டைத் தொடங்கிவிடலாம்.